ஒரே பாடம், பல வாசல்கள்: தரவுப் பரப்பலில் செலவைக் குறைக்கும் வலைப்பின்னல் குறியாக்கம்

மும்பை நகரின் தாராவியில், ஒரே சந்தில் வாழும் இருபது மாணவர்கள் ஒரே பாடத்தை ஒரே வேளையில் கைபேசியில் காண்பதாகக் கொள்ளலாம். பாடம் ஒன்றே எனினும், அது இருபது படிகளாகத் தனித்தனியே வந்து சேருகிறது. இருபது பேரின் கணக்கிலும் தரவு கழிகிறது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டு வகுப்புகள் கைபேசிக்கு மாறியபோது, நாட்கூலிக் குடும்பங்கள் இச்சுமையை நேரில் உணர்ந்தன.

இதற்குரிய முதல் தீர்வு புதியதன்று. அனுப்புவோர் ஒரு படியை மட்டும் அனுப்ப, பாதை பிரியும் இடத்தில் மட்டும் ரூட்டர் அதைப் படியெடுக்கும் ‘மல்டிகாஸ்ட்’ முறைக்கு 1989-இல் ஸ்டீவ் டீரிங் இணைய விதிமுறை வகுத்தார். தாராவியை அடுத்த பாந்திரா-குர்லா வளாகத்திலுள்ள தேசியப் பங்குச் சந்தை தன் விலை விவரங்களை உறுப்பினர்களுக்கு இம்முறையிலும் அனுப்புகிறது.

ஆயினும் இரு இடர்கள் எஞ்சின. பல முனைகளை மிகக் குறைந்த செலவில் இணைக்கும் கிளைப்பாதையைக் கண்டறிவது, ரிச்சர்டு கார்ப் 1972-இல் காட்டியவாறு, முனைகள் பெருகப் பெருகக் கணிப்பொறிக்கும் எளிதில் அடங்காத கணக்கு. இரண்டாவது, வழியில் தொலையும் பொதிகள். ஒவ்வொருவரும் வெவ்வேறு பொதியை இழந்தால் அனைத்தையும் மீண்டும் அனுப்ப நேரும்.

பொதியை அஞ்சல் உறை போலத் திறவாமல் கடத்த வேண்டும் என்ற கருத்தை 2000-ஆம் ஆண்டில் ஆல்ஸ்வேடே, காய், லி, யூங் ஆகிய நால்வர் மாற்றினர். இடைநிலை முனைகள் பொதிகளை ஒன்றோடொன்று கலந்து அனுப்பினால், பெறுவோர் அனைவரும் வலையமைப்பின் முழுக் கொள்ளளவையும் ஒருங்கே பயன்படுத்தலாம் என்று நிறுவினர்.

கலப்பது எவ்வாறு? 1011, 0110, 1100 என்னும் மூன்று பொதிகள் தாராவி, மாதுங்கா, செம்பூர் ஆகிய மூன்று இடங்களுக்கும் அனுப்பப்படுகின்றன. தாராவியில் முதலாவதும், மாதுங்காவில் இரண்டாவதும், செம்பூரில் மூன்றாவதும் தொலைந்துவிட்டன. வழக்கமான முறையில் மூன்றையும் மீண்டும் அனுப்ப வேண்டும். மாறாக, ஒவ்வோர் இலக்க இடத்திலும் 1-களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாயின் 1 என்றும், இரட்டைப்படையாயின் 0 என்றும் எழுதினால் 0001 கிடைக்கும். இந்த ஒரு பொதியே போதும். தாராவி தன்னிடமுள்ள 0110, 1100 ஆகியவற்றுடன் இதை அவ்வாறே சேர்த்தால், இழந்த 1011 கிடைத்துவிடும். மற்ற இரண்டும் அங்ஙனமே. ஆறு அனுப்புகைகள் நான்காகக் குறைகின்றன; மூன்றில் ஒரு பங்கு மிச்சம்.

எவர் எதை இழந்தார் என்று கேட்டறிவதும் செலவே. பொதிகளைத் தற்செயலாகத் தேர்ந்த எண்களால் பெருக்கிக் கூட்டி அனுப்பும் முறையில் அத்தேவை பெரிதும் குறைகிறது. ஒன்றையொன்று சாராத மூன்று கலவைகள் எவையாயினும், பள்ளி இயற்கணிதத்தின் ஒருங்கமைச் சமன்பாடுகளைப் போல், அவை மூன்று பொதிகளையும் மீட்டுத் தரும்.

இடைமுனைகள் எவ்வாறு கலக்க வேண்டும் என்பதை விரைந்து கணிக்கும் வழிமுறையை 2005-இல் வெளியிட்ட குழுவில், மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்ற சித்தார்த் ஜக்கியும் ஒருவர். 2006-இல் டெஸ்மண்ட் லுன், முரியல் மெடார் முதலியோர், கலக்க இசைந்தால் மிகக் குறைந்த செலவுப் பாதையை நேரியல் திட்டமிடல் கணக்காகவே தீர்க்கலாம் என்று காட்டினர். கார்ப் சுட்டிய முட்டுக்கட்டை இங்கு விலகுகிறது. கலப்பது கணக்கைச் சிக்கலாக்கும் என்றே எவரும் எண்ணுவர், நேர்ந்ததோ மறுதலை.

இதற்கும் விலையுண்டு. 32 பொதிகள் கொண்ட தொகுதியில், பெருக்கெண்ணுக்கு ஒரு பைட் வீதம் ஒவ்வொரு கலவையும் 32 பைட்டுகளைக் கூடுதலாகச் சுமக்கிறது. 1,400 பைட் பொதியில் இது ஏறத்தாழ 2.3 விழுக்காடு. போதிய கலவைகள் சேரும்வரை காத்திருக்க வேண்டும். கைபேசியின் மின்கலமும் உழைக்க வேண்டும். கொள்ளளவு மிகுந்த கண்ணாடியிழைத் தடங்களில் ஆதாயம் சொற்பம். இழப்பு மிகுதியான கம்பியில்லாக் கடைசிக் கட்டத்தில், அதாவது தகரக் கூரைகளும் நெருங்கிய சுவர்களும் அலைகளைச் சிதைக்கும் சந்துகளில்தான், இம்முறை தன் செலவை ஈடுகட்டக்கூடும். அங்கும் மாணவர்கள் ஒரே வேளையில் பாடத்தைப் பெறவேண்டும்.

மிச்சப்படும் அலைவரிசை முதலில் நிறுவனத்துக்கே உரியதாகிறது. இருபது பேருக்குப் பொதுவாய் வந்த ஒரு பொதியை எவர் கணக்கில் எவ்வளவு கழிப்பது என்பது கட்டண விதிகள் விடை சொல்ல வேண்டிய வினா.