கோடைப் பருவத்தில் கால்குலஸ் எடுக்கிறீர்களா?

அமெரிக்கக் கல்லூரிகளில் ஏறக்குறைய 15 வாரம் நடக்கும் கால்குலஸ்-1, கோடையில் பெரும்பாலும் 6 முதல் 8 வாரத்துக்குள் முடிந்துவிடும். சேரும் முன்பும் சேர்ந்த பின்பும் கவனிக்க:

1. வேறு கல்லூரியில் படிப்பதானால், பணம் கட்டும் முன்பே உங்கள் கல்லூரியில் அனுமதி வாங்குங்கள். கிரெடிட் ஏற்கப்படாவிட்டால் செலவு வீண்.

2. வகுப்பு தொடங்குமுன் இயற்கணிதம், முக்கோணவியலைப் புரட்டுங்கள். வகையிடத் தெரிந்தும் பின்னத்தைச் சுருக்கும்போது மார்க்கைக் கோட்டைவிடுபவர்கள் அதிகம்.

3. கூடவே இன்னொரு கடினப் பாடம் வேண்டாம். 6 வார வகுப்பில் ஒரு நாள் போனால், வழக்கமான பருவத்தின் அரை வாரப் பாடம் போச்சு.

4. அன்றைய கணக்கை அன்றே போடுங்கள். சங்கிலி விதி பிடிபடாவிட்டால், அடுத்து வரும் உட்படு சார்புகளை வகையிடுவது தலையும் புரியாது, வாலும் புரியாது.

5. செய்த தவறுகளைத் தனி நோட்டில் எழுதுங்கள். உள்சார்பின் வகைக்கெழுவைப் பெருக்க மறப்பது, தொகையிடலில் மாறிலியை விடுவது போன்றவை திரும்பத் திரும்ப வரும்.

6. சந்தேகத்தை வார இறுதிக்குத் தள்ளாமல், பேராசிரியரை அவர் ஒதுக்கிய நேரத்தில் பாருங்கள். தள்ளினால், அதற்குள் அடுத்த தேர்வே வந்துவிடும்.

7. பாடத்தைக் கைவிடக் கடைசித் தேதியை முதல் நாளே குறித்துவையுங்கள். கோடையில் அது சீக்கிரமே வந்துவிடும்.