வேலியே பயிரை மேய்ந்தால்?

'வேலியே பயிரை மேய்ந்தாற்போல' என்னும் பழமொழியை நாம் அனைவரும் அறிவோம். அதன் பொருளை நான் உணர்ந்தது ஓர் இரத்தப் பரிசோதனைத் தாளில்தான்.

என் தாய்மாமனுக்கு நுரையீரலில் புற்றுநோய். சென்ற ஆண்டு, நோய் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் புதிய மருந்தை அவருக்கு நரம்பு வழியே ஏற்றினார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறியவன் நான் ஒருவனே. ஆகவே மருத்துவமனைத் தாள்களைப் படித்துச் சொல்லும் பொறுப்பு என்னுடையதாயிற்று. நான்காம் மாதத் தாளில், 0.9 ஆக இருந்த கிரியேட்டினின் அளவு 2.4 ஆக உயர்ந்திருந்தது. தசையில் உண்டாகும் இக்கழிவுப் பொருளைச் சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றுகிறது. சிறுநீரகம் தளர்ந்தால் அது இரத்தத்தில் தேங்கும். மாமாவோ, "எனக்கு ஒன்றும் இல்லையடா" என்றார்.

இம்மருந்து செயல்படும் முறை வியப்பானது. டி-செல்கள் என்னும் வெள்ளணுக்கள் நம் உடலின் காவலர்கள். அவை நம் உடலையே தாக்காதிருக்க, அவற்றின்மீது பி.டி.-1, சி.டி.எல்.ஏ.-4 போன்ற தடைப் புரதங்கள் உள்ளன. புற்றுச் செல்கள் இத்தடையைப் பயன்படுத்தியே தப்பிக்கின்றன. தடையை நீக்கினால் காவலர்கள் புற்றைத் தாக்குவர் என்று காட்டிய ஜேம்ஸ் அலிசன், தசுகு ஹோஞ்சோ இருவரும் 2018-இல் நோபல் பரிசு பெற்றனர். அமெரிக்காவில் இபிலிமுமாப் 2011-இலும், பெம்புரோலிசுமாப், நிவோலுமாப் ஆகியவை 2014-இலும் ஒப்புதல் பெற்றன.

ஆனால் தடை நீங்கிய காவலர்கள் சில சமயம் சிறுநீரகத்திலும் புகுந்து, அதன் நுண்குழல்களிலும் இடைத்திசுவிலும் அழற்சியை உண்டாக்குகின்றனர். நூற்றுக்கு ஏறத்தாழ 2 முதல் 5 பேருக்கு இவ்வாறு சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது. வலி எதுவும் இல்லாமலே இது வரலாம். இரத்தப் பரிசோதனைதான் காட்டிக்கொடுக்கும்.

ஒமிப்ரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரை உண்போருக்கு இவ்வாபத்து மிகுதி. மருத்துவர் துருவிக் கேட்ட பிறகே, மாமா நெஞ்செரிச்சலுக்காகக் கடையில் தாமே அதை வாங்கித் தினமும் விழுங்கியது தெரியவந்தது. அதை ஒரு மருந்தென்றே அவர் எண்ணவில்லை!

மருத்துவர் இரண்டையும் நிறுத்தி ஸ்டீராய்டு கொடுத்தார். புற்று மருந்து நின்ற அந்த வாரங்களில் வீட்டில் எவரும் சரியாக உறங்கவில்லை. ஆறாம் வாரத்தில் அளவு 1.2-க்கு இறங்கியது. காலத்தே கண்டால் பெரும்பாலோர்க்குச் சிறுநீரகம் தேறிவிடும்.

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள் ஆகப் போகிறவர்கள். வீட்டில் எவர் மருத்துவரிடம் சென்றாலும், அவர் உண்ணும் மாத்திரைகள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தனுப்புவோம். நாம் கற்ற கல்வி வீட்டுக்குச் செய்யும் முதல் உதவி அதுவாகட்டும்.