நரம்பு வழி கண்ட விந்தை

கண்ணை மூடிக்கொண்டு சுண்டுவிரலை மடக்குகிறோம். தண்டுவடத்திலிருந்து புறப்பட்ட ஆணை உரிய தசைக்கே போய்ச் சேருகிறது. இந்த இணைப்பு கருவில் அமைந்தது எப்படி? விலங்கியல் மாணவனான என்னிடம் நண்பர்கள் கேட்கும் வினா இது. நான் படித்தறிந்ததைச் சொல்கிறேன்.

கருவில் கை கால்கள் சிறு மொட்டுகளாகத் தோன்றுகின்றன. தொடக்கத்தில் மொட்டினுள் நரம்பு இல்லை. வெளியிலிருந்துதான் வளர்ந்து வரவேண்டும். வளரும் நரம்பிழையின் நுனியில், விரல்போல் நீண்டும் சுருங்கியும் வழியைத் தடவிப் பார்க்கும் முனை ஒன்று உண்டு. அதனை 1890-ல் ஸ்பெயின் நாட்டு அறிஞர் கஹால் விவரித்தார். 1907-ல் அமெரிக்கரான ராஸ் ஹாரிசன், தவளைக் கருவின் நரம்புத் திசுவை நிணநீர்த் துளியில் வைத்து, இழை வளர்வதைக் கண்ணாரக் கண்டார்.

சரி, அவ்விழை எதிர்ப்பட்ட பாதையில் கண்மூடிச் செல்கிறதா? அல்லது தன் ஊர் எதுவென அறிந்தே புறப்படுகிறதா? இதனை 1980-ல் லான்ஸ்-ஜோன்ஸ், லாண்ட்மெஸ்ஸர் என்னும் இரு பெண் அறிஞர்கள் சோதித்தனர். கோழிக் கருவில், நரம்புகள் புறப்படுமுன்பே, தண்டுவடத்தின் ஒரு சிறு பகுதியை வெட்டி முன்பின்னாகத் திருப்பி வைத்தனர். பெட்டி மாறி உட்கார்ந்த பயணிகள், சந்திப்பு நிலையத்தில் இறங்கித் தத்தம் வண்டியைத் தேடுவதுபோல, இழைகள் காலின் அடியில் வழி மாறித் தத்தம் தசையையே அடைந்தன! நரம்பு தன் இலக்கை அறிந்தே புறப்படுகிறது என்பது தெளிவாயிற்று. ஆனால் வெகுதூரம் இடம் பெயர்த்தால் அவையும் வழி தவறின.

வழிகாட்டிகள் யாவை? காலின் திசுக்களிலுள்ள புரதங்களே. எடுத்துக்காட்டாக, எஃப்ரின் என்னும் புரதம் சில இழைகளை விலக்கித் தள்ளுகிறது. காலின் கீழ்ப்புறத்தில் அது விலக்குவதால், அவ்விழைகள் மேற்புறத் தசைகளுக்குத் திரும்புகின்றன.

இதனால் நமக்கென்ன பயன் என்பீர்கள். விபத்தில் கைநரம்பு அறுந்தவருக்கு, அது நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் மீண்டும் வளரக்கூடும். ஆயினும் பல இழைகள் வேறு தசைக்குள் நுழைந்துவிடுவதால், கை பழையபடி இயங்குவதில்லை. கரு பிழையின்றிச் செய்ததை வளர்ந்த உடல் செய்யத் தடுமாறுகிறது. ஆகவே கருவின் வழிகாட்டிகளை அறிவது வெறும் ஏட்டுக் கல்வியன்று. முடங்கிய கைகளை மீட்க உதவக்கூடிய கல்வியுமாகும்.