கள்வன் வரும் வழியை வரைந்து பார்ப்போம்

சீவலப்பேரியில் சிற்றாறு தாமிரபரணியோடு கலக்கிறது. கூடலுக்கு மேலே இரண்டு ஆறுகளின் நீரையும் காண இரண்டு இடங்களுக்குச் செல்ல வேண்டும். கூடலுக்குக் கீழே ஓரிடத்தில் நின்றாலே போதும். இந்த எளிய உண்மை கணிப்பொறிகளைக் காப்பதற்கும் உதவுகிறது என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? அது எவ்வாறு என்று காண்போம்.

1736ஆம் ஆண்டில் ஆய்லர் என்னும் கணித மேதை, கோனிக்ஸ்பர்க் நகரின் ஏழு பாலங்களையும் ஒவ்வொரு முறை மட்டுமே கடந்து சுற்றி வர முடியுமா என்ற புதிரை ஆராய்ந்தார். அது இயலாது என்று நிறுவினார். நிலங்களைப் புள்ளிகளாகவும் பாலங்களைக் கோடுகளாகவும் கொண்டு அப்புதிரைப் படமாக வரையலாம். இன்று கணிப்பொறிக் காவல் வல்லுநரும் இவ்வாறே தாக்குதல் வழிப்படம் வரைகின்றனர். கள்வன் அடையக்கூடிய ஒவ்வோர் இடமும் ஒரு புள்ளி. அவனை அடுத்த இடத்திற்குக் கொண்டு செல்லும் ஒவ்வொரு குறையும் ஒரு கோடு.

ஓர் அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். போலி மின்னஞ்சல், நச்சு நிரல் உள்ள பென்டிரைவ் என்னும் இரண்டு வழிகளில் எழுத்தரின் கணிப்பொறிக்குள் கள்வன் நுழையலாம். அங்கிருந்து மேலாளரின் கணிப்பொறிக்கு ஒரு கோடு. ஏனெனில் இருவருக்கும் ஒரே கடவுச்சொல். பொதுக் கோப்புகள் உள்ள கணிப்பொறிக்கு மற்றொரு கோடு. இவ்விரண்டிலிருந்தும் பணக் கணக்கிற்குக் கோடுகள் உண்டு. ஆக, மொத்த வழிகள் 2 × 2 = 4. மின்னஞ்சலை மட்டும் தடுத்தால் 2 வழிகள் எஞ்சும். கடவுச்சொல்லை மட்டும் மாற்றினாலும் 2 எஞ்சும். ஆனால் நான்கு வழிகளும் எழுத்தரின் கணிப்பொறியில் கூடுகின்றன. அதை மற்றவற்றிலிருந்து பிரித்து வைத்தால் நான்கும் அடைபடும்.

இதன் அருமையை நம் திருநெல்வேலி மாவட்டமே கண்டிருக்கிறது. 2019ஆம் ஆண்டில் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாகப் பணிக்கான கணிப்பொறியில் நச்சு நிரல் புகுந்திருந்தது. செப்டம்பர் 4ஆம் நாள் இச்செய்தி இந்திய அணுமின் கழகத்திற்குத் தெரிவிக்கப்பட்டது. அக்டோபர் 30ஆம் நாள் கழகமும் அதை உறுதி செய்தது. அந்தக் கணிப்பொறி இணையத்தோடு இணைந்திருந்தது. ஆயினும் முக்கியமான உள் வலையமைப்பு தனியே பிரிக்கப்பட்டிருந்ததால் நிலையத்தின் இயக்கம் பாதிக்கப்படவில்லை என்று அறிவிக்கப்பட்டது. நிர்வாகக் கணிப்பொறியிலிருந்து அணு உலைக்குச் செல்லும் கோடு படத்தில் இல்லாததே நம்மைக் காத்தது எனலாம்.

ஆனால் கம்பி இல்லை என்பதாலேயே வழி இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. 2010ஆம் ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்ட ஸ்டக்ஸ்நெட் என்னும் நச்சு நிரல், பென்டிரைவ் வாயிலாகவும் பரவ வல்லது. ஈரான் நாட்டின் நடான்சு அணு நிலையத்தில் யுரேனியம் செறிவூட்டும் எந்திரங்களை அது பழுதாக்கியது. எனவே மனிதர் கையில் எடுத்துச் செல்லும் பொருளுக்கும் படத்தில் ஒரு கோடு வரைய வேண்டும்.

தோழியரே, நம் வீட்டிற்கும் இப்படம் தேவை. அம்மாவின் கைப்பேசி, மின்னஞ்சல், வங்கிக் கணக்கு ஆகியவற்றைப் புள்ளிகளாக வைத்துக் கோடுகளை வரைந்து பாருங்கள். பெரும்பாலான கோடுகள் கைப்பேசியிலேயே கூடும். ஆகவே முதலில் அதற்குப் பூட்டு இடுவோம். அதில் வரும் ஓடிபி எண்ணை எவர் கேட்டாலும் சொல்லாதிருப்போம். பணம் பறிபோனால் உடனே 1930 என்ற எண்ணை அழைக்கலாம் என்பதையும் வீட்டில் உள்ள பெரியவர்களுக்கு எடுத்துரைப்போமாக!