இதயப் படமும் டெக்னீசியத்தின் +1 நிலையும்

வட்டக்கோட்டைக்குப் போயிருக்கீங்களா மக்கா? கோட்டைக்குக் கீழே கரையில் கறுப்பாகக் கிடக்கும் மணலுக்கு அந்த நிறம் பெரும்பாலும் இல்மனைட்டால் வருவது. நம்ம மாவட்டக் கடலோர மணலில் மோனசைட்டும் உண்டு, அதற்குள் தோரியம். அதன் அரை ஆயுள் சுமார் 1,400 கோடி ஆண்டு. இதயத்தைப் படம் பிடிக்க இது உதவாது. சிதைவு அவ்வளவு மெதுவு, வெளிவரும் ஆல்பா துகளும் உடம்பைத் தாண்டி கேமராவுக்கு வந்து சேராது.

அதற்குத்தான் டெக்னீசியம்-99எம். அரை ஆயுள் 6 மணி நேரம், வெளிவிடுவது 140 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமா கதிர். அலுமினா நிரப்பிய குழாயில் மாலிப்டினம்-99 ஏற்றியிருப்பார்கள் (அரை ஆயுள் 66 மணி நேரம்). உப்புநீரை விட்டால் டெக்னீசியம் மட்டும் கழுவிக்கொண்டு வரும். மறுநாள் திரும்பவும் கறக்கலாம்! நம் நாட்டில் நவி மும்பை வாஷியிலுள்ள 'பிரிட்' நிறுவனம் இந்த ஜெனரேட்டர்களைத் தயாரித்து மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறது.

ஆனா, கறந்து வருவது பெர்டெக்னெடேட். அதில் டெக்னீசியம் +7 நிலையில் இருக்கும். அப்படியே ஊசி போட்டால் தைராய்டுக்கும் வயிற்றுக்கும் போகும், இதயத் தசையில் தங்காது. அதனால் ஸ்டானஸ் குளோரைடால் ஒடுக்கி, 'மிபி' என்ற ஐசோநைட்ரைல் ஈனிகள் ஆறைச் சுற்றிலும் கட்டுகிறோம். கொதிநீரில் 10 நிமிடம் வைத்தால் செஸ்டாமிபி தயார். கொழுப்பில் கரையும் இந்த +1 அயனியை, உள்ளே எதிர்மின்னழுத்தம் கொண்ட மைட்டோகாண்ட்ரியா இழுத்து வைத்துக்கொள்ளும். ரத்தம் சரியாகப் போகாத தசை படத்தில் மங்கலாகத் தெரியும்.

இதற்கு முன் டிஎம்பிஇ என்ற பாஸ்பீன் ஈனியோடு ஒரு +3 அணைவை முயன்றார்கள். விலங்குகளில் நல்ல படம் வந்தது. மனித உடலிலோ அது +2 ஆக ஒடுங்கி, மின்சுமை இழந்து, இதயத்தை விட்டே கழுவிப் போய்விட்டது. செஸ்டாமிபியில் டெக்னீசியம் +1, அதாவது டி6. ஐசோநைட்ரைல் வலுவான புல ஈனி என்பதால் ஆறு எலக்ட்ரானும் கீழ்மட்ட ஆர்பிட்டால்களில் ஜோடியாக அடங்கிவிடும். ஈனி கழல்வதும் கஷ்டம், மேற்கொண்டு ஒடுங்குவதும் கஷ்டம். படிகப் புலக் கொள்கையைப் பரீட்சைக்கு மட்டும்னு நினைச்சவங்க இந்த இடத்தை இன்னொரு தடவை படிங்க.

இனி கிட் விஷயம். குப்பிக்குள் காற்று புகுந்தால் ஸ்டானஸ் ஆக்சிஜனேற்றம் அடையும், பெர்டெக்னெடேட் ஒடுங்காமல் மிஞ்சும். ஒடுங்கியும் ஈனி கிடைக்காத டெக்னீசியமோ கூழ்மமாகிக் கல்லீரலில் படியும். கல்லீரல் இதயத்தின் கீழ்ச்சுவருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கே வெளிச்சம் கூடினால் கீழ்ச்சுவரின் குறை மறைந்துபோகலாம். ஆகவே ஊசிக்கு முன் அலுமினா தகட்டில் ஒரு சொட்டு வைத்து எத்தனாலில் ஏற்றிப் பார்ப்பார்கள். செஸ்டாமிபி மேலே ஏறும், மற்ற இரண்டும் கீழேயே நிற்கும். மேலே வந்தது 90 சதவீதத்துக்குக் குறைவு என்றால், நோயாளி வெளியே காத்திருந்தாலும் அந்தக் குப்பியைப் பயன்படுத்தக் கூடாது.