நூலகம் இல்லாத பொறியில் சி தொகுப்பியை நிலைபெறச் செய்தல்

புதிய செயலி ஒன்று கைக்கு வரும்போது அதற்குரிய நிரல் எதுவும் இராது. சி மொழி நிரலைப் பொறிமொழியாக்கக் கம்பைலர் எனப்படும் தொகுப்பி வேண்டும். தொகுப்பியோ, நினைவகம் பெறவும் கோப்புகளைத் திறக்கவும் சி நூலகத்தை நாடுகிறது. அந்நூலகமும் சி மொழியிலேயே எழுதப்பட்டிருத்தலின், அதனை ஆக்கத் தொகுப்பி முன்னரே இருத்தல் வேண்டும். இவ்வட்டத்தை எங்ஙனம் அறுப்பது?

நாற்றங்காலில் வளர்த்த நாற்றை வயலில் நடுவது போல, வேறொரு பொறியில் ஆக்கிய தொகுப்பியை இலக்குப் பொறிக்குக் கொண்டு செல்வதே வழியாகும். முன்னதை ஆக்கப் பொறி என்போம். ரிஸ்க்-ஃபைவ் செயலியை எடுத்துக்கொள்வோம். 2017-இல் வெளிவந்த ஜி.சி.சி. 7 தொகுப்பி அதனை ஏற்றது. ஜிலிப்சி நூலகமோ 2018-இல் வெளிவந்த 2.27-ஆம் பதிப்பிலேயே ஏற்றது. தொகுப்பியும் நூலகமும் தனித்தனியே வளர்வன என்பது இதனால் விளங்கும்.

செய்முறை பின்வருமாறு:

1. இலக்குச் செயலிக்குரிய அசெம்பிளரையும் லிங்கரையும் ஆக்கப் பொறியில் ஆக்குக. இவை ஆக்கப் பொறியிலேயே இயங்குவதால் இலக்கு நூலகம் தேவையில்லை.

2. தலைப்புக் கோப்புகள் இன்றி, சி மொழிக்கு மட்டுமான வெற்றுத் தொகுப்பியை ஆக்குக. அதனுடன் லிப்ஜிசிசி எனும் துணைத் தொகுதியும் வேண்டும். 32 பிட்டுச் செயலியில் 64 பிட்டு எண்களை வகுத்தல் போன்ற பணிகளை அது செய்யும்.

3. லினக்ஸ் கருவின் தலைப்புக் கோப்புகளை நிறுவி, வெற்றுத் தொகுப்பியால் சி நூலகத்தை ஆக்குக. இயக்க அமைப்பே இல்லாத சிறு பலகைகளுக்கு நியூலிப் நூலகம் பொருந்தும்.

4. நூலகம் கிடைத்தபின், சி++ உள்ளிட்ட முழுத் தொகுப்பியை மீண்டும் ஆக்குக.

5. அம்முழுத் தொகுப்பியால், இலக்குப் பொறியிலேயே இயங்கவல்ல தொகுப்பியை ஆக்கி அங்கே நிறுவுக.

இங்கு நேரும் பெரும்பிழை, ஆக்கப் பொறியின் தலைப்புக் கோப்புகள் இடையே புகுந்துவிடுதலாகும். தொகுப்பு வேலை குறையின்றி முடிந்தது போலத் தோன்றும். நிரலோ இலக்குப் பொறியில் தவறாக இயங்கும். ஆகவே இலக்குக்குரிய கோப்புகள் அனைத்தையும் சிஸ்ரூட் எனும் தனி அடைவில் வைத்தல் இன்றியமையாதது. நூலகமின்றி நிரல் எழுதுவோர் மற்றொன்றும் கருதுதல் வேண்டும். மெம்காபி, மெம்மூவ், மெம்செட், மெம்கம்ப் ஆகிய நான்கு செயல்களையும் ஜி.சி.சி. தானாகவே அழைக்கக்கூடும்; அவற்றை நிரலாளரே எழுதித் தருதல் வேண்டும்.

இறுதிச் சோதனை இலக்குப் பொறியில் நிகழ்வது. நிறுவிய தொகுப்பியால் அதன் மூலநிரலைத் தொகுத்தால் முதல் நிலைத் தொகுப்பி கிடைக்கும். அதனால் இரண்டாவதையும், இரண்டாவதால் மூன்றாவதையும் ஆக்குக. முதல் இரண்டும் ஒரே மூலநிரலிலிருந்து பிறந்தமையால் ஒரே வகையாகச் செயற்படல் வேண்டும். எனவே அவை ஈன்ற இரண்டாவதும் மூன்றாவதும் ஒத்திருத்தல் வேண்டும். வேறுபடின் எங்கோ பிழை உண்டு.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் எளிதாகக் காட்டலாம். இரண்டாம் படித் தொகுப்பியிடம் இரு எண்களைக் கூட்டும் செயல் ஒன்றைக் கொடுத்தால் அது தொகுக்கும், எஸ்.டி.டி.ஐ.ஓ. தலைப்புக் கோப்பைக் கேட்கும் நிரலைக் கொடுத்தால் மறுக்கும். மொழி எங்கே முடிகிறது, நூலகம் எங்கே தொடங்குகிறது என்பதை மாணவர் கண்கூடாக அறிவர்.