வாங்கியவர் பட்ட கடன் கிளப்பின் தலையில்

நம்பிக்கை: முதலாளி கடன் வாங்கிக் கிளப்பை வாங்கினால் அது அவர் பாடு. கிளப்புக்கு என்ன வந்தது?

உண்மை: அமெரிக்காவின் கிளேசர் குடும்பம் 2005-ல் மான்செஸ்டர் யுனைடெட்டை ஏறக்குறைய 79 கோடி பவுண்டு மதிப்பில் வாங்கியது. அதில் பாதிக்கும் மேல் கடன். அந்தக் கடனில் கணிசமான பகுதி, அதுவரை கடனே இல்லாமல் இருந்த கிளப்பின் சொத்துகள் மீதே ஏற்றப்பட்டது. நாம் வீட்டுக்கடன் வாங்கினால் மாதத் தவணை நம் சம்பளத்திலிருந்து போகும். இங்கே டிக்கெட், ஜெர்சி, தொலைக்காட்சி உரிமை என்று கிளப் சம்பாதித்த பணமே, கிளப்பை வாங்கிய கடனுக்கு வட்டியாகப் போனது. தாய் நிறுவனத்தின் பேரில் இருந்த இன்னொரு கடனின் வட்டி 2010-ல் 16.25 சதவீதத்தைத் தொட்டது.

வட்டி, கட்டணம், பங்காதாயம் என்று இந்த 20 ஆண்டுகளில் வெளியேறிய தொகை 100 கோடி பவுண்டுக்கு மேல். மைதானத்துக்கு என்ன செய்தார்கள்? 2006-க்குப் பிறகு ஓல்ட் டிராஃபோர்டில் பெரிய விரிவாக்கம் எதுவுமே இல்லை. 2024 மே மாதம் ஆர்சனலுடன் ஆடிய அன்று பெய்த மழையில், கூரையிலிருந்து இருக்கைகள் மீது அருவியாகத் தண்ணீர் கொட்டியதை உலகமே பார்த்தது. அதே ஆண்டு சுமார் 250 ஊழியர்களை வேலையிலிருந்து நீக்கினார்கள். சீசனின் நடுவிலேயே, மிச்சமிருந்த டிக்கெட்டுகளின் விலையை 66 பவுண்டாக உயர்த்தினார்கள். அதில் சிறுவர்களுக்கும் முதியவர்களுக்கும்கூடச் சலுகை தரவில்லை.

நம்பிக்கை: கடன் இருந்தும் கோப்பைகள் வந்தனவே!

உண்மை: வந்தன. 2007 முதல் 2013 வரை ஐந்து லீக் பட்டங்கள், 2008-ல் சாம்பியன்ஸ் லீக். அவற்றைக் கொண்டுவந்தது பயிற்சியாளர் அலெக்ஸ் ஃபெர்குசனின் திறமை. 2009-ல் ரொனால்டோவை 8 கோடி பவுண்டுக்கு ரியல் மாட்ரிட்டுக்கு விற்றார்கள்; அந்த வரவு இல்லாவிட்டால் அந்த ஆண்டுக் கணக்கு நட்டத்தில்தான் முடிந்திருக்கும். 2013-ல் ஃபெர்குசன் ஓய்வு பெற்றார். அதன்பின் லீக் பட்டம் கைக்கு எட்டவில்லை. கடன் ஒன்றே காரணம் என்று நான் சொல்லமாட்டேன், தவறான ஆள்தேர்வுகளுக்கும் பெரும் பங்கு உண்டு. ஆனால் அந்தத் தவறுகளைத் தாங்கிக்கொள்ள உதவியிருக்கக்கூடிய பணம் வட்டிக்குப் போய்விட்டது.

நம்பிக்கை: கால்பந்தில் கடன் என்றாலே கேடு.

உண்மை: இல்லை. ஆர்சனலும் கடன் வாங்கித்தான் எமிரேட்ஸ் மைதானத்தைக் கட்டி 2006-ல் திறந்தது. அந்தக் கடனுக்கு ஈடாக 60,000 பேர் அமரும் மைதானம் கிளப்பிடம் இருக்கிறது. கிளேசர்களின் கடனுக்கு ஈடாக யுனைடெட்டுக்கு ஒரு செங்கல்கூடக் கிடைக்கவில்லை.

நம்பிக்கை: கிளப் திவாலானால் கோடீஸ்வர வீரர்களுக்குத்தானே நட்டம்?

உண்மை: நேர்மாறு. இங்கிலாந்துக் கால்பந்து விதிப்படி, வீரர்களுக்கும் மற்ற கிளப்புகளுக்கும் உள்ள பாக்கியை முழுமையாகத் தீர்த்தாக வேண்டும். உள்ளூர்க் கடைக்காரர்கள் மிஞ்சியதைப் பங்கு போட்டுக்கொள்ள வேண்டியதுதான். 2008-ல் எஃப்.ஏ. கோப்பையை வென்ற போர்ட்ஸ்மத், 2010 பிப்ரவரியில் திவால் நிர்வாகத்தின் கீழ் போனது. ஒன்பது புள்ளிகளை இழந்து, கீழ்நிலை லீக்குக்கு இறங்கியது. அந்தக் கிளப் பாக்கி வைத்திருந்தவர்களின் பட்டியலில் செயின்ட் ஜான் ஆம்புலன்ஸும் இருந்தது. ஆட்டத்தின்போது மயங்கி விழும் ரசிகருக்கு முதலுதவி செய்யும் தொண்டர் அமைப்பு அது! அதற்கும் காசு தராமல் ஒரு கிளப் நடந்திருக்கிறது.

இன்னும் கொடுமை பரி கிளப்புக்கு நேர்ந்தது. 1885-ல் தொடங்கி, இரண்டு முறை எஃப்.ஏ. கோப்பையை வென்ற கிளப் அது. கடனைத் தீர்க்க வழி காட்ட முடியாததால், 2019 ஆகஸ்டில் லீக்கிலிருந்தே நீக்கப்பட்டது.

2025 ஜூலையில் கால்பந்து ஆளுகைச் சட்டம் பிரிட்டனில் அரச ஒப்புதலைப் பெற்றது. மேல் ஐந்து நிலைகளில் உள்ள கிளப்புகளின் முதலாளிகளையும் நிதிநிலையையும் சோதிக்கத் தனி ஒழுங்காற்று அமைப்பும் வந்திருக்கிறது. அந்த அமைப்பு முதலில் செய்ய வேண்டியது ஒன்றுதான்: வாங்குபவரின் கடனைக் கிளப்பின் மீது ஏற்றுவதை முற்றாகத் தடுக்க வேண்டும். சொந்தப் பணம் இல்லாதவர் கிளப் வாங்க வரவே கூடாது.